சம்பளம் இல்லாத தையல்காரி

அத்தியாயம் பதினொன்று

"போர்கில்டை விட்டுடு, ஆர்டிஸ்."

வியாழக்கிழமை மாலை டெல்மர் போனில் சொன்ன இந்த ஒரு வாக்கியம் ஆர்டிஸைத் தூங்க விடவில்லை. அவள் அண்ணனிடம் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா பிறந்த வீட்டு ஆள் ஒருத்தரோட பேரைப் பழைய காகிதத்துல பார்த்தேன், டெல்மர்." எந்த ஆள் என்று சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை.

அப்படியிருக்க, அந்தப் பெயர் அவன் வாயில் எப்படி வந்தது?

அவர்கள் அம்மா சிக்னிக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. போர்கில்ட். 1919 ஜனவரியில், ஃப்ளூ காய்ச்சலில், பத்தொன்பது வயதில் இறந்துபோனாள். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த விஷயம் இது. தாத்தா தன் கையாலேயே குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்.

இறந்துபோன அந்தப் போர்கில்டைத்தான் ஆர்டிஸ் செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தாள். 1921ஆம் வருஷத்துக் காகிதம் ஒன்றில், உயிரோடு.

ஆர்டிஸுக்கு மாநில ஆவணக் காப்பகத்தில் வேலை. மூன்று மாதமாக அவள் மேஜைக்கு வருவதெல்லாம் மாநிலத்தின் முதல் பட்ஜெட் அலுவலகத்துப் பெட்டிகள். அந்தக் காலத்தில் எல்லாக் காகிதத்தையும் மூன்றாக மடித்து, குறுகலான மரப்பெட்டியில் நிறுத்தி அடுக்கிவிடுவார்கள். ஐம்பது வருஷம் மடிந்து கிடந்ததைச் சட்டென்று பிரித்தால் மடிப்பில் உடைந்துவிடும். ஈரத்துணி விரித்த தகரப் பெட்டியில் அதை ஒரு நாள் வைத்து, பதம் வந்ததும் பிரித்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகை ஏற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பார்க்க முடியாத வேலை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு அடிக்கும் முன்பே வந்து தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். 1931.

விரலால் மெல்லத் தடவிப் பிரித்தாள்.

வில்லோ பெண்ட் மாநில மனநல மருத்துவமனை. பணியாளர் பட்டியல். தையல் அறை. தையல்காரி: போர்கில்ட் தோர்ஸ்டாட். சம்பளம்: இல்லை. விடுப்பு: எடுக்கவில்லை. வேலை: திருப்தி.

ஓரத்தில் பட்ஜெட் அலுவலகத்துப் பரிசோதகர் நீலப் பென்சிலால் எழுதியிருந்தார். 'நல்ல சிக்கனம். தொடரலாம்.'

இரண்டு வருஷத்துக்கு ஒரு பட்டியல். 1921இல் தொடங்கி இது ஆறாவது. ஆறிலும் அதே பெயர், அதே 'இல்லை', அதே 'எடுக்கவில்லை'.

பெயர் எப்படி ஏறியது என்பதும் ஆர்டிஸுக்கு இப்போது புரிந்திருந்தது. அந்த அலுவலகம் ஆரம்பித்த புதிதில் ஒரு கண்டிப்பான விதி வைத்தார்கள். ஆள் பெயர் இல்லாமல் எந்த வேலையையும் பட்டியலில் ஏற்றக்கூடாது. வில்லோ பெண்டிலிருந்து வந்த கணக்கில், தையல் அறை இத்தனை அங்கி, இத்தனை விரிப்பு தைத்தது என்று இருந்தது, தைத்தவர் பெயர் இல்லை. பெயரோடு அனுப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வேறு வழியில்லாமல், தைத்துக்கொண்டிருந்த நோயாளியின் பெயரையே எழுதி அனுப்பினார். அவள் நோயாளியா ஊழியரா என்று பரிசோதகர் கேட்கவில்லை. கட்டம் நிரம்பியது, முத்திரை விழுந்தது.

அந்தக் கண்காணிப்பாளரின் கடிதமும் 1921 பெட்டியில் இருந்தது. அதைத்தான் ஆர்டிஸ் செவ்வாய்க்கிழமையிலிருந்து யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தாள்.

காப்பகத் தலைவர் மிஸ்டர் பெக் தொப்பியில் பனியோடு உள்ளே வந்தார்.

"மிஸ்டர் பெக், ஒரு நிமிஷம் கிடைக்குமா?"

"ஒரு நிமிஷம்னு ஆரம்பிக்கிறவங்க யாரும் ஒரு நிமிஷத்துல முடிச்சதில்ல. சொல்லுங்க."

ஆர்டிஸ் ஆறு பட்டியல்களையும் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் அந்தக் கடிதத்தை வைத்தாள். அவர் நின்றபடியே கடிதத்தைத்தான் முதலில் எடுத்தார். படித்து முடித்துக் குப்புற வைத்தார்.

"இதை நீங்க படிச்சீங்களா?"

"பிரிக்கறப்போ கண்ணுல பட்டுது."

"எவ்வளவு பட்டுது?"

"கடைசி வரி வரைக்கும்."

பெக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நோயாளியைப் பத்தின கடிதம். பட்ஜெட் பெட்டியில இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். எழுபத்தஞ்சு வருஷம் மூடி வைக்கணும். 1996 வரைக்கும் யாரும் பார்க்கக்கூடாது."

"அப்போ எங்க அம்மாவுக்கு எண்பத்தேழு வயசு ஆகியிருக்கும்."

"உங்க அம்மாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தோர்ஸ்டாட்டுங்கறது அம்மா பிறந்த வீட்டுப் பேரு. இவங்க அம்மாவோட அக்கா."

தொப்பியிலிருந்த பனி உருகி மேஜையில் ஒரு சொட்டு விழுந்தது. பட்டியல்களைச் சட்டென்று தள்ளி வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கணும் நீங்க."

"தெரியும்."

"சொந்தக்காரங்க காகிதத்தை நாம தொடறதில்ல. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு தடவை கட்டாயம் உண்டு."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"இந்தப் பெட்டியை என்கிட்டேருந்து எடுத்துக்கங்க. வேலையையே எடுத்துக்கிட்டாலும் நான் கேட்க மாட்டேன். இந்தப் பட்டியல்களுக்கு மட்டும் ஒரு முடிவு சொல்லுங்க. நோயாளி பேருன்னு மூடணுமா? அரசு ஊழியர் பேருன்னு திறந்து வைக்கணுமா? அக்கா செத்துட்டான்னு அம்பத்தஞ்சு வருஷமா நம்பிட்டிருக்காங்க எங்க அம்மா. மூடிட்டா, நான் வாயைத் திறக்க முடியாது."

"அவங்க நோயாளிதானே?"

"ஆமா."

"சம்பளம் வாங்கல."

"இல்ல."

"அப்புறம் எப்படி ஊழியர் ஆவாங்க?"

"நான் சொல்லல, மிஸ்டர் பெக். பட்ஜெட் ஆபீஸ் சொல்லுது. ஆறு தடவை, ஆறு தடவையும் முத்திரை குத்தி."

பெக் உட்கார்ந்தார். முதல் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். 'எடுக்கவில்லை' என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் விரல் நின்று நின்று நகர்ந்தது.

"தப்பு பண்ணியிருக்காங்க," என்றார் கடைசியில்.

"ஆமா."

"ரெண்டு தப்பு. இவங்களை வச்சுக்கிட்டது ஒண்ணு. பட்டியல்ல ஏத்தினது ஒண்ணு."

"ரெண்டாவதை மட்டும் திருத்திடாதீங்க."

ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை பெக் காத்திருந்தார்.

"அவங்க தப்பைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. அவங்க எதை எப்படி வச்சாங்களோ, அப்படியே வைக்கறதுதான் என் வேலை. பணியாளர் பட்டியல்னு வச்சிருக்காங்க. பணியாளர் பட்டியலாத்தான் இருக்கும். இந்த மாநிலத்துல யார் வேணா கேட்டுப் பார்க்கலாம்."

ஆர்டிஸ் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினாள்.

"கடிதம் வேற," என்றார் அவர். "கடிதம் சீல் வச்ச பெட்டிக்குப் போகுது. அதுல இருக்கறதை நீங்க வெளியில சொன்னீங்கன்னா திங்கட்கிழமை உங்களுக்கு இங்க நாற்காலி இருக்காது. அம்மாகிட்ட சொன்னாலும் அதேதான். புரியுதா?"

"புரியுது."

"அப்போ கோட்டை மாட்டுங்க. பின்வாசல் வழியா வெளியே போயிட்டு முன்வாசல் வழியா வாங்க. சீட்டு எழுதிக் கொடுங்க. பொதுமக்கள்ல ஒருத்தர் கேட்டா நகல் கொடுக்கறது எங்க கடமை."

அப்படியே செய்தாள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, முழங்கால் பனியில் நடந்து, முன்வாசல் மணியை அடித்தாள். சீட்டில் 'எதற்காக' என்று கேட்ட இடத்தில் 'குடும்பம்' என்று எழுதினாள்.

பெக் அவளை முன்பின் பார்த்திராதவர்போல் சீட்டை வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு நகல்களோடு வெளியே வந்தபோது, வாசலில் டெல்மரின் பிக்கப் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எண்பது மைல் ஓட்டி வந்திருக்கிறான்.

ஆர்டிஸ் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு அம்மா ரொட்டி சுடற நாள்," என்றான் டெல்மர். "உன்னைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எனக்குக் கார் இருக்கு."

"தெரியும்."

"வந்த விஷயத்தைச் சொல்லு."

அவன் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டான். அறுவடை முடிந்தும் கையில் கிரீஸ் கறை போகவில்லை.

"நேத்து நான் அவங்க பேரையே எடுக்கல, டெல்மர். நீயாத்தான் சொன்ன."

"பைபிள்ல இருக்கற பேருதானே. வீட்டுல யாருக்குத் தெரியாது?"

"பைபிள்ல இருக்கறது செத்துப்போனவ பேரு. செத்துப்போனவளை எதுக்கு 'விட்டுடு'ன்னு சொன்ன?"

ஹீட்டர் கரகரத்தது. டெல்மர் அதை ஒரு தட்டுத் தட்டினான். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வில்லோ பெண்ட்லேருந்து ஒரு லெட்டர் வந்துச்சு. அறுபத்தொம்பது மார்ச்ல. 'தோர்ஸ்டாட் குடும்பத்தினருக்கு'ன்னு போட்டு, தாத்தாவோட பண்ணை அட்ரஸுக்கு, இப்போ நான் இருக்கற வீட்டுக்கு. வார்டுகளைக் காலி பண்றோம், இன்னார் எங்ககிட்ட இருக்காங்க, சொந்தக்காரங்க யாராவது அழைச்சுட்டுப் போறீங்களான்னு கேட்டிருந்தாங்க. இல்லேன்னா ஆஸ்ட்ரம்ல இருக்கற முதியோர் இல்லத்துக்கு மாத்திடுவோம்னு."

"நீ என்ன பண்ணின?"

"கோழிக்கூண்டுக்குப் பக்கத்துல நின்னு மூணு தடவை படிச்சேன்."

"என்ன பதில் போட்டன்னு கேக்கறேன்."

"அவங்களைத் தெரிஞ்சவங்க யாரும் உயிரோட இல்லைன்னு எழுதினேன்."

ஆர்டிஸ் அண்ணனை அடித்ததே இல்லை. அந்த நிமிஷம் அவள் கை தானாக இறுகியது.

"அம்மா ரெண்டு மைல்ல இருந்தாங்க."

"அப்பா தவறி ரெண்டு வாரம்கூட ஆகல, ஆர்டிஸ். அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கல. நீயும் பார்த்ததானே. அந்த நேரத்துல போய், தாத்தா பொய் சொன்னார்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதோட அப்பத்தான் எங்க பொண்ணு ஜோலீனுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தோம். வலிப்புக்காக அடைச்சு வச்சவங்க வீட்டுல இருக்காங்கன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா..."

"சரி. அப்புறம் அம்மா எழுந்தாங்க. தோட்டம் போட்டாங்க. சர்ச்சுல பாட்டுக்குப் போனாங்க. அப்போ சொல்லியிருக்கலாம்ல?"

"அப்போ நான் பதில் போட்டாச்சு. எதுக்கு அப்படிப் போட்டேன்னு சொல்லணுமே."

ஆர்டிஸ் நகல்களை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டாள்.

"இப்போ இருக்காங்களா?" என்றாள் ஆர்டிஸ்.

"தெரியாது. அஞ்சு வருஷம் ஆச்சு. கேக்கற தைரியம் வரல."

அவன் கோட்டின் உள்பையைத் தொட்டுக் காட்டினான். காகிதம் சரசரத்தது.

"நீ சொல்றதுக்குள்ள நானே அம்மாகிட்ட சொல்லிடணும்னுதான் கிளம்பி வந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியல."

"முதல் வாக்கியம் நான் சொல்றேன். ரெண்டாவது உன்னோடது," என்றாள் ஆர்டிஸ். "வண்டியை எடு."

சிக்னி நைகார்டின் அடுக்களையில் வெண்ணெயும் சுட்ட மாவும் மணத்தன. நவம்பர் மாதம் லெஃப்சே என்ற நார்வே ரொட்டி சுடும் மாதம். உருளைக்கிழங்கு மாவைக் காகிதம்போல் மெல்லிசாகத் தேய்த்து, பெரிய இரும்புக் கல்லில் போட்டு, நீளக் குச்சியால் திருப்புவாள். அறுபத்தைந்து வயதிலும் அந்தக் குச்சியை அவள் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா?" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "யார் செத்துப்போனது?"

"யாரும் இல்லம்மா," என்றாள் ஆர்டிஸ்.

"அப்போ பூட்ஸைக் கழட்டுங்க. தரை இப்பத்தான் துடைச்சது."

டெல்மர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். காகிதங்களை வைக்க இடம் வேண்டி, நடுவிலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தை ஒதுக்கினான். சிக்னி இரண்டெட்டில் வந்து கிண்ணத்தை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"அதை நகத்தாதேன்னு உனக்கு எத்தனை வயசு வரைக்கும் சொல்லணும்?"

"சர்க்கரைக் கிண்ணம்தானேம்மா."

"அது இருக்கற இடத்துல இருக்கட்டும்."

அந்தக் கிண்ணம் அப்படித்தான், இவர்கள் பிறந்ததிலிருந்து. அதன் அடியில் மேஜைமேல் கிடந்தது அவள் அம்மா காலத்து வெள்ளை விரிப்பு, கஞ்சி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மெலிந்துபோனது. விரிப்பைத் துவைத்துப் போடுவதும் சிக்னிதான், கிண்ணத்தை வைப்பதும் சிக்னிதான்.

"அடுப்பை அணைச்சிடும்மா. உக்காரு," என்றாள் ஆர்டிஸ்.

சிக்னி மகளின் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். குச்சியை மட்டும் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

ஆர்டிஸ் ஆறு நகல்களையும் அவள் முன்னால் வைத்தாள்.

"இது அந்தக் காலத்துப் பட்ஜெட் ஆபீஸ் காகிதம்மா. வில்லோ பெண்ட் ஆஸ்பத்திரியில யார் யார் என்ன வேலை பார்த்தாங்கன்னு போட்ட பட்டியல். இங்க பாரு. இந்தப் பேரு."

சிக்னி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டாள். முதல் தாளைப் படித்தாள். மேலே இருந்த வருஷத்தைப் படித்தாள். மறுபடி பெயரைப் படித்தாள். இரண்டாவது தாள், மூன்றாவது தாள். மாவு ஒட்டிய விரல் ஒவ்வொரு தாளிலும் வெள்ளையாக ஒரு தடம் வைத்துக்கொண்டே போனது.

"முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"முப்பத்தொண்ணுல எனக்குக் கல்யாணம்."

மறுபடி முதல் தாளுக்குப் போனாள்.

"என்னமோ வேலையில சேர்ந்த மாதிரில்ல போட்டிருக்கு?" என்றாள் சிக்னி. "சம்பளம் இல்லையாம். லீவு எடுக்கலையாம்."

"அவங்க வேலைக்குப் போகலம்மா. உள்ளே இருந்தாங்க."

சிக்னி குச்சியை மேஜைமேல் வைத்தாள்.

"ஜனவரி மாசம்," என்றாள். "காய்ச்சல் விட்டப்புறம் அவளுக்கு வலிப்பு வர ஆரம்பிச்சுது. அப்பா வண்டியில வைக்கோல் பரப்பி, கம்பளியில சுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு போனார். நாலாம் நாள் தனியா வந்தார். தரை கல்லா உறைஞ்சு கிடக்கு, குழி வெட்ட முடியாது, பனி உருகினதும் புதைப்பாங்கன்னார். நம்ம ஊர்ல அப்படித்தானே செய்வாங்க. நானும் நம்பினேன். ஏப்ரல்ல பனி உருகுச்சு. அடக்கம் எப்பப்பான்னு கேட்டேன். அங்கேயே பண்ணிட்டாங்கன்னார். அதுக்கப்புறம் நான் கேக்கல. எனக்கு ஒன்பது வயசு."

ஆறாவது தாளை எடுத்து மறுபடி பார்த்தாள்.

"ஏன் வீட்டுக்கு அனுப்பல, ஆர்டிஸ்? நல்லா தைக்கறான்னு எழுதியிருக்கான். வருஷம் முழுக்கத் தைக்கறவளுக்கு என்ன சீக்கு?"

இதற்குத்தான் ஆர்டிஸ் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். கண்காணிப்பாளரின் கடிதம் வரி வரியாக அவள் கண்முன் நின்றது. 'இந்தப் பெண்ணுக்குப் பதினான்கு மாதமாக வலிப்பு வரவில்லை. வழக்கப்படி வீட்டுக்கு அனுப்ப வேண்டியவள். ஆனால் அனுப்பினால் தையல்காரி ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டிவரும்.'

"சொல்ல முடியாதும்மா," என்றாள்.

"தெரியாதா, முடியாதா?"

"முடியாது."

சிக்னி மகளை வெகுநேரம் பார்த்தாள். மகளின் கண் தாழவில்லை, ஆனால் நிறைந்துவிட்டது.

"சரி. உன் உத்தியோகம் அப்படி," என்றாள் சிக்னி. "நான் கேட்டேன், நீ சொல்லல. எனக்குப் போதும்."

பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்கு உக்காந்திருக்க? உருளைக்கிழங்கு உரிக்க வந்தவன் மூஞ்சியா இது?"

டெல்மர் உள்பையிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்தான். ஐந்து வருஷம் விதைப் பட்டியல்களுக்கு அடியில் கிடந்த கடிதம். என்ன வந்தது, என்ன பதில் எழுதினான், எதற்காக எழுதினான், எல்லாவற்றையும் சொன்னான். தலையைத் தூக்காமல், எதையும் குறைக்காமல் சொன்னான்.

சிக்னி கேட்டு முடித்தாள்.

"உங்க தாத்தா மாதிரியே இருக்க," என்றாள். குரல் உயரவில்லை. "அவரும் என் நல்லதுக்குன்னுதான் சொல்லியிருப்பார்."

"அம்மா..."

"உன்கிட்ட அப்புறம் பேசறேன். இன்னிக்கு இல்ல. இதுல போன் நம்பர் இருக்கா?"

"ஆஸ்ட்ரம் இல்லத்து நம்பர் கீழ இருக்கு. ஆனா அம்மா, அஞ்சு வருஷம் ஆச்சு. ஒருவேளை..."

"ஒருவேளைன்னா ஒருவேளை. அவளை ஒரு தடவை சாகக் கொடுத்தவதானே நான்."

எழுந்து போய்க் கை கழுவினாள். ஏப்ரனில் துடைத்தாள். சுவரிலிருந்த போனை எடுத்து, டெல்மர் ஒவ்வொரு எண்ணாகப் படிக்கப் படிக்கச் சுழற்றினாள். ஆர்டிஸ் பக்கத்தில் போய்க் காதை ஒட்டி நின்றாள்.

மறுமுனையில் எட்டு தடவை மணி அடித்த பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது.

"ஆஸ்ட்ரம் இல்லம்."

"அங்க போர்கில்ட் தோர்ஸ்டாட்னு யாராவது இருக்காங்களா?"

மறுமுனையில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"இருக்காங்களே. நீங்க யாரு பேசறது?"

சிக்னியின் கை சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது. டெல்மர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"நான் அவளோட தங்கச்சி. சிக்னி."

"தங்கச்சியா?" அந்தப் பெண்ணின் குரலில் வியப்பு. "அவங்களுக்கு இதுவரைக்கும் போனே வந்ததில்ல. இருங்க, கேட்டுட்டு வரேன்."

ரிசீவரை எங்கோ வைத்தாள். அவளுடைய காலடிச் சத்தம் டக் டக்கென்று போய் மறைந்தது. அடுக்களைக் கடிகாரம் மட்டும் கேட்டது. சிக்னி மூச்சு விடுகிறாளா என்றே ஆர்டிஸுக்குத் தெரியவில்லை.

காலடி திரும்பி வந்தது. ஒரு ஜோடி மட்டும்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அவங்களுக்கு ஒரே ஒரு தங்கச்சி இருந்தாளாம். ஒன்பது வயசுல ஃப்ளூ வந்து செத்துப்போயிட்டாளாம். அவங்க அப்பாவே ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாராம். அதுக்கப்புறம்தான் வீட்டுக்குப் போகணும்னு கேக்கறதையே விட்டுட்டாங்களாம். வேற யாரையோ தேடறீங்கன்னு சொல்றாங்க. கையில தையல் இருக்கு, எழுந்திருக்க மாட்டேங்கறாங்க."

டெல்மர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான்.

சிக்னி அழவில்லை. திரும்பி மேஜையைப் பார்த்தாள்.

"அந்தக் கிண்ணத்தை எடு," என்றாள் ஆர்டிஸிடம்.

ஆர்டிஸ் போய் எடுத்தாள். நாற்பது வருஷமாக இவர்கள் யாரும் பார்த்திராத இடம். வெள்ளை விரிப்பில் உள்ளங்கையளவுக்கு ஒரு கிழிசல், நெருக்கமாக, ஒரே அளவாகத் தைத்திருந்தது. அதுவும் நீல நூலில்.

"பொண்ணே, லைன்ல இருக்கியா?" என்றாள் சிக்னி போனில். "மறுபடி அவகிட்ட போ. சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில என்ன இருக்குன்னு கேளு. பொம்மைக்குக் கவுன் வேணும்னு அம்மாவோட மேஜை விரிப்பை வெட்டினது நான். ராத்திரியோட ராத்திரியா தைச்சு வச்சது அவ. வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு, நீலத்துல தைச்சா. அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இன்னும் பிரியல, அப்படியே இருக்குன்னு சொல்லு. கிண்ணத்தை நான் இன்னும் நகத்தலைன்னு சொல்லு."

"நீல நூலா?"

"நீல நூல்."

ரிசீவர் மறுபடி கீழே வைக்கப்பட்டது. டக் டக்கென்று காலடி போனது.

இந்தத் தடவை நேரம் ஆயிற்று. கல்லில் மீந்த சூட்டில் கடைசி ரொட்டி கருகத் தொடங்கியிருந்தது, யாரும் எடுக்கவில்லை. தூரத்தில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஏதோ பெட்டி கவிழ்ந்து பொத்தான்கள் சிதறுவதுபோல் ஒரு சத்தம். யாரோ, 'விடுங்க, நான் பொறுக்கிக்கறேன்' என்றார்கள்.

பிறகு காலடிகள். அந்தப் பெண்ணுடையது டக் டக்கென்று முன்னால் வந்தது. அதன் பின்னால் இன்னொரு ஜோடி, செருப்பு தரையில் தேய, நின்று நின்று, வந்துகொண்டிருந்தது.